திரிஸ்தாவ் இறங்கி வந்த தீவு

கொச்சியில் மிளகு ஏற்றிக்கொண்டு லிஸ்பனுக்குத் திரும்பிய சாந்தா உர்சுலா கப்பலில் நான் தச்சன். பெயர் பெல்ஷியோர். கிளம்பும்போது இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வருவதற்குள் நூற்று நாற்பது பேர்தான் மிச்சம். மிளகில் மட்டும் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை.

அத்தனை பேரைக் கொன்ற ஈறு நோய் எனக்கும் வந்தது. ஈறுகள் வீங்கிப் பற்களை மூடின. கால்களில் கறுப்புத் திட்டுகள். ரொட்டியை ஊறவைத்தாலும் மெல்ல முடியவில்லை. செயின்ட் ஹெலினா தீவில் தண்ணீர் பிடிக்க நங்கூரம் போட்டபோது, எழுந்து நிற்க முடியாத ஆறு பேரைக் கரையிலேயே விட்டுப் போவதென்று கப்பல் தலைவர் முடிவு செய்தார். அது வழக்கம்தான். உயிரோடு இருப்பவர்களை அடுத்த ஆண்டு வரும் கப்பல்கள் ஏற்றிக்கொள்ளும்.

எங்களைத் தூக்கி வந்து கரையோரச் சிறு தேவாலயத்தின் நிழலில் கிடத்தினார்கள். ஆளுக்கு ஒரு பை ரொட்டி, கொஞ்சம் எண்ணெய். படகு திரும்பியது. பாதி தூரம்கூடப் போயிருக்காது, துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த திரிஸ்தாவ் தண்ணீரில் குதித்து எங்களை நோக்கி வந்தான்.

படகிலிருந்து மாலுமித் தலைவன் கத்தினான். "பைத்தியக்காரா, ஏறுடா! உன் பட்டைப் பெட்டி கப்பல்ல கெடக்கு!"

"கெடக்கட்டும்! நீயே மோந்து பாத்துக்கிட்டிரு!"

அந்தப் பெட்டி நிறைய இலவங்கப்பட்டை. ஏழு வருடக் கடல் உழைப்பில் அவன் சேர்த்தது அதுதான். அதைவிட எனக்கு வியப்பு, வந்தவன் திரிஸ்தாவ் என்பது. கப்பலில் எனக்கு ஆகாதவன் ஒருவன் உண்டென்றால் அவன்தான். பெட்டி வைக்கும் இடத்துக்காகக் கொச்சியிலேயே கைகலந்திருக்கிறோம். அவன் மூக்கு கோணியது என்னால்தான்.

"என்னடா முழிக்கிற?" என்றான் ஈரம் சொட்டச் சொட்ட. "தச்சனே செத்துட்டா உனக்கு யாரு சவப்பெட்டி செய்யறது? அதான் வந்தேன்."

பள்ளத்தாக்கில் கொஞ்சம் ஏறிப் போனால் எலுமிச்சை மரங்கள் உண்டு. முன்பு வந்த மாலுமிகள் யாரோ நட்டவை. திரிஸ்தாவ் பழங்களைச் சட்டையில் கட்டி எடுத்து வந்து, என் தாடையைப் பிடித்து வாயில் பிழிந்தான். புண்ணான ஈறில் சாறு பட்டதும் உயிர் போய் வந்தது. அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன்.

"திட்டு, நல்லாத் திட்டு. நேத்து உனக்கு இந்தத் தெம்புகூட இல்ல."

முதல் வாரத்தில் இருவர் இறந்தார்கள். தனியாளாகக் குழி வெட்டி, தெரிந்த ஜெபத்தைச் சொல்லிப் புதைத்தான். மற்ற நான்கு பேருக்கும் எலுமிச்சையும், தரையில் படரும் புளிப்புக்கீரையும், ஆட்டு ரசமும் கொடுத்தான். ஆடுகளையும் முன்னால் வந்தவர்கள்தான் விட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்து நடந்தேன். இரண்டாவது மாதம் கோடரி பிடித்தேன்.

ஏன் இறங்கி வந்தாய் என்று அவனிடம் எத்தனையோ முறை கேட்டேன். கப்பல் சமையல் பிடிக்கவில்லை என்பான். என் குறட்டை இல்லாமல் தூக்கம் வராது என்பான். மழைக்காலத்தில் தேவாலயக் கூரையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான், நான் கேட்காமலே சொன்னான்.

"படகுலேருந்து திரும்பிப் பாத்தேன். மத்த அஞ்சு பேரும் எங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நீ மட்டும் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்ட. நீ அழறத நான் பாத்துடக் கூடாதுன்னு. அது தாங்கலடா."

ஆணியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மரங்களை நட்டவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. தினமும் அவர்களுக்காகவும் ஜெபித்தோம். நாங்களும் நாற்பது கன்றுகள் நட்டு, ஆடு கடிக்காமல் வேலி கட்டினோம்.

அடுத்த மே மாதம் கப்பல் வந்தது. ஆகஸ்டில் லிஸ்பன் சேர்ந்தோம். என் மனைவி கியோமார் ஊற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியாலேயே தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திரிஸ்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுல அடுப்பெரியிற நாளெல்லாம் உங்களுக்கும் ஒரு தட்டு உண்டு."

"அப்ப இவன் பங்கு மீனும் எனக்குத்தானேம்மா?"

"அவருக்கு முள்ளு போதும்ணே."

அவனுடைய பெட்டியைப் பற்றித் துறைமுகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ விற்றுத் தின்றுவிட்டார்கள். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு மூட்டை தூக்கும் வேலைக்குப் போனான். அந்தப் பட்டையை விற்று மீன்பிடிப் படகு வாங்கிக் கரையோடு இருந்துவிட நினைத்திருந்தான் என்பதை அவன் தங்கை சொல்லித்தான் அறிந்தேன்.

கப்பல் பட்டறையில் என் வேலை முடிந்த மாலைகளில், திரிஸ்தாவுக்குத் தெரியாமல், ஊரை ஒட்டிக் கடலில் கலக்கும் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போய் நான் ஒரு படகு கட்டத் தொடங்கினேன். தீவில் பிழைத்த மற்ற மூவரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் தார் பூசினான். ஒருவன் பாய் தைத்தான். மூன்றாமவனுக்கு எந்த வேலையும் தெரியாது. எல்லோருக்கும் ஒயின் வாங்கி வந்தான். ஏழு மாதம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திரிஸ்தாவை அங்கே கூட்டிப் போனோம். "உன்னுதுடா" என்றேன். அவன் படகைச் சுற்றி வந்தான். பலகையைத் தடவினான். குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"இடப்பக்கம் கொஞ்சம் கோணலா இருக்கே, தச்சா."

"உன் மூக்கப் பாத்துத்தான் அளவெடுத்தேன்."

சிரிக்கப் போனவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் எழவில்லை. நாங்கள் யாரும் அவனை எழுப்பவில்லை. பிறகு ஐந்து பேருமாகப் படகைத் தண்ணீரில் தள்ளினோம். மாலைக்குள் இரண்டு கூடை மத்தி கிடைத்தது. கியோமார் கரையிலேயே தீமூட்டிச் சுட்டுக் கொடுக்க, விரல் சுடச் சுடத் தின்றோம்.