நாலு விரல் இடைவெளி

தங்கதுரை தன் பெல்ட்டில் ஐந்தாவது ஓட்டையையும் தானே போட்டுக்கொண்டார், கம்பெனி டிரில்லிங் மிஷினில், டீ இடைவேளையில். சர்க்கரை வந்த இந்த இரண்டு வருஷத்தில் ஒவ்வொரு ஓட்டையும் அவருக்கு ஒரு மெடல். சோற்றைக் குறைக்கத்தான் சொன்னார்கள். பயத்தில் அவர் பருப்பு, முட்டை, கடலை எல்லாவற்றையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டு, வெள்ளரிக்காயில் ஜீவித்தார்.

அன்று சாயங்காலம் மூக்கண்டப்பள்ளி கிளினிக்கில், கைப்பிடி பலம் பார்க்கும் கருவியை நர்ஸ் கவிப்ரியா நீட்டினாள். பல்லைக் கடித்து அழுத்தினார். பதினேழு கிலோ. துணைக்கு வந்திருந்த மனைவி ராசாத்தி, காய்கறிப் பையைக் கீழே வைக்காமலே மறு கையால் அழுத்திப் பார்த்தாள். இருபத்திநாலு.

"சுகர் கன்ட்ரோல்ல இருக்குங்கய்யா. கூடவே சதையும் கரைஞ்சு போச்சு. பருப்பு, முட்டை, சுண்டல் சாப்பிடுங்க. படி ஏறி எறங்குங்க."

"வெள்ளிக்கிழம அம்மன் பல்லக்கு தூக்கணும்மா."

"அஞ்சு நாள்ல சதை வளராதுங்கய்யா."

"பேசாம என்னைத் தூக்கச் சொல்லிருங்க," என்றாள் ராசாத்தி.

அவர் சிரிக்கவில்லை. பல்லக்கின் ஒற்றைத் தண்டில் முன்பக்கம் இரண்டு பேர், பின்பக்கம் இரண்டு பேர். முன்பக்கத்தில் முதல் ஆள், கன்னடம் பேசும் தளி ஊர்க்காரர் கங்கப்பன். அவர் முதுகை ஒட்டி, இரண்டாவது ஆளாகப் பதினெட்டு வருஷமாகத் தங்கதுரை. நடுவழியில் தோளை எடுத்தவருக்கு மறு வருஷம் இடம் கிடையாது. தெருவின் வழக்கம் அது.

ஐந்து நாளும் முட்டை விலக்கிய விரதம் என்பதால் சுண்டலாகவே தின்றார். கம்பெனி கேன்டீனில் பார்த்த கங்கப்பன், "என்ன துரையண்ணா, குதிரையோட பந்தயமா?" என்றார். தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மேளம் முழங்கப் பல்லக்கு எழுந்தது. தூக்கும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்ட தங்கதுரை அப்படியே நடந்தார். பத்தடி. இருபதடி. தோள் வலிக்கவே இல்லை.

"ஆத்தா பூவாட்டம் லேசாயிட்டா, கங்கப்பா!"

முன்னால் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தார். கங்கப்பனின் தோளில் தலையணை கனத்துக்கு ஒரு சும்மாடு. ராசாத்தியின் பழைய பச்சைச் சேலை. அதன்மேல் உயர்ந்து நின்ற தண்டு, தங்கதுரையின் தோளுக்கு மேலே நாலு விரல் அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தது.

"அடேய், துணிய எடுறா."

"சும்னிரு அண்ணா, பேசாம வா," கங்கப்பன் திரும்பாமலே முனகினார். "அடுத்த வருசம் நீ வெச்சுக்கோ."

தெருவோரம் சுண்டல் தட்டோடு நின்ற ராசாத்தி அம்மனை மட்டுமே பார்த்துக் கும்பிட்டாள்.

தங்கதுரை தண்டைக் கையால் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தினார். கெண்டைக்கால் நடுங்க, நுனிக்காலிலேயே நடந்தார். மூன்று விரல். இரண்டு.