விளக்கு வைக்கும் நேரம்

"யாரு சுவிட்ச அணைச்சது? மத்தியானத்துலேருந்து டைப் அடிச்சதெல்லாம் போச்சு!"

"நான்தான் அணைக்கச் சொன்னேன். வெளக்கு வைக்கிற நேரத்துல இப்படி ஊளையிட்டா மகாலட்சுமி எப்படி உள்ள வருவா? வாசலோட திரும்பிப் போயிடுவா."

"அம்மா, அது பெட்டிக்குள்ள ஓடுற காத்தாடி சத்தம்லா."

"எதுவா இருந்தா என்ன? இது வீடா, அரிசி மில்லா?"

மலேசியாவின் பாடாங் செராயில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு தாமானில், இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். சசிதரனும் அவன் அம்மா செல்லாயியும் கத்த ஆரம்பித்ததுமே இரண்டு பக்கமும் டிவி சத்தம் குறைந்துவிட்டது. சுவிட்சை அணைத்த மருமகள் காஞ்சனா, பிளக்குக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

சசிதரனுக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிரிவில். காலையில் வந்து தூங்கி, மத்தியானம் எழுந்து, சாமி மேடைக்குப் பக்கத்தில் அடுக்கிய பழைய ரௌட்டர் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஜன்னல் வழியாகப் பச்சை விளக்குகள் சிமிட்டுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பிரேமாவதி, "ஆன்லைன் ஜூடி நடத்துறான்லா. ஒருநாள் போலீஸ் வரும் பாரு" என்று கோடி வீடு வரைக்கும் சொல்லிவைத்தாள். சொன்ன கையோடு பாயசம் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தும் வந்தாள்.

ஜூடியாவது சூதாட்டமாவது, பரீட்சைதான். சிங்கப்பூருக்குப் போய் எழுத வேண்டும். எழுதக் காகிதம் கிடையாது. நாள் முழுக்கப் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து, கேட்டபடி கட்டளைகளை அடித்து இணைத்துக் காட்ட வேண்டும். தேறினால் பினாங்கில் ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. காஞ்சனாவுக்குப் பினாங்கு என்றால் கடலுமில்லை, பாலமுமில்லை. அவள் வைத்த குழம்பின் மூடியைத் திறந்து பார்த்து, "ம்ம்" என்று திரும்ப மூடிவைக்க ஆளில்லாத ஒரு சமையற்கட்டு. அந்தப் பரீட்சைக்கு அவனைவிட அவள்தான் அதிகமாக வேண்டிக்கொண்டாள்.

அன்றைய சண்டை புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே ஒரு ஏற்பாட்டில் முடிந்தது. பெட்டிகளில் அடிப்பதைச் சேமிக்கத் தனிக் கட்டளை உண்டு. அதைப் போடாமல் மின்சாரத்தை நிறுத்தினால், அடித்த எதுவும் அவற்றில் தங்காது. "இனிமே சேவ் பண்ணவே போறதில்ல" என்றான் சசிதரன். "தெனம் ஒண்ணுமில்லாமத் தொடங்கினாத்தான் கை பழகும். அம்மா வெளக்கு வைக்கிறப்ப நீ வந்து அணைச்சிடு. அதுதான் எனக்கு மணி."

அப்படியே நடந்தது. செல்லாயி எண்ணெய் ஊற்றும்போது சசிதரன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்புவான். "முடிஞ்சிடுச்சு காஞ்சனா, அணைச்சிடு." அவள் அணைப்பாள். சத்தம் மெல்ல இறங்கும். இரவு வேலைக்குப் போகிறவனுக்கும் பகலில் வேலைக்குப் போய் வருகிறவளுக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். பிள்ளை உண்டா என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்தது; நேரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பரீட்சைக்குப் போய் வந்தவன் சிரித்த முகமாக இருந்தான். எல்லாம் வேலை செய்தது, நேரமும் மிச்சம் என்றான். காஞ்சனா பினாங்கில் வாடகை வீடு விசாரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

முடிவு வந்தபோது அவன் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"தேறலையா?" என்றாள்.

"மார்க் போடறதுக்கு முன்னாடி எல்லாப் பெட்டியையும் ஒருதரம் அணைச்சுத் திரும்பப் போடுவாங்க. முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நான் சேவ் பண்ணல."

"மறந்துட்டீங்களா?"

"ஞாபகமே வரல. முடிச்சேன். கையை மடியில வச்சுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், நீ வந்து அணைப்பேன்னு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

செல்லாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே சமையற்கட்டிலிருந்து வந்தாள். "தெனம் தெனம் அணைச்சு அணைச்சு என் பிள்ளையோட கையையே கெடுத்துட்டா."

"நீங்கதானே அத்தை அணைக்கச் சொன்னீங்க."

"நான் வெளக்குதானே வச்சேன்? சுவிட்சத் தொட்டது யாரு?"

காஞ்சனா புருஷனைப் பார்த்தாள். 'அம்மா சொல்லித்தான் அணைச்சா, நானும்தான் அணைக்கச் சொன்னேன்.' அவன் அவ்வளவு சொன்னால் போதும், பரீட்சை போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. சசிதரன் கவிழ்த்து வைத்த கைப்பேசியை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தான். இரண்டு பக்கச் சுவருக்குப் பின்னாலும் டிவி ஓடவே இல்லை.

அந்த வாரமே அவள் அலோர் ஸ்டாரில் இருக்கும் அக்காள் ஷீலா வீட்டுக்குப் போய்விட்டாள். அழைக்க அவன் ஒரு தடவை போனான். தனியாகத்தான் திரும்பி வந்தான்.

பெட்டிகள் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏறின. விவாகரத்து முடிந்ததும், முன்பு ஜூடி பேச்சைக் கிளப்பிய பிரேமாவதியே தன் தம்பி மகள் இராசாத்தியை அவனுக்குப் பேசி முடித்தாள். "தங்கமான பையன்லா, குடி கிடையாது, சூது கிடையாது" என்று. இராசாத்தி வைக்கும் குழம்பையும் செல்லாயி மூடி திறந்து பார்க்கிறாளாம். வீட்டில் சத்தமில்லாததால் மகாலட்சுமி வருகிறாளா என்பது செல்லாயிக்கே வெளிச்சம்.

காஞ்சனா மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை சாத்தும்போது எல்லா வேலையும் செய்வாளாம். விளக்குகளை அணைக்க மட்டும் வேறு யாரையாவது கூப்பிடுவாளாம். ஷீலாதான் ஒரு கல்யாண வீட்டில் சொன்னாள்.