ஒரே லோரியில் போனவர்கள்

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். தமிழில் சொல்வதை மலாயிலும் மலாயில் சொல்வதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. இருபது வருடத்துக்கு மேல் பகல் முழுக்க வாயை அடக்கியே பழகியதால், வீட்டில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பாள் என் மனைவி. இங்கேயும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகுமாரனும் அய்யாவுவும் பண்டார் பாரு பக்கம் ஒரு தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். லோரியில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் வேலை. ஒரு சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துக் குலைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்க் காவலாளியிடம் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் மேலும் அதற்கு முன் ஒரு வழக்கும் கிடையாது. போலீஸ் ஏனோ இரண்டு வழக்காகப் போட்டு, ஜாமீனில் விட்டது.

முதல் தேதி ஒரு புதன்கிழமை. அன்று நல்ல கூட்டம். இவர்கள் பெயரைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ராகுகாலம். அய்யாவு அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான். முதல் தடவை, வருந்துகிறான், குடும்பஸ்தன் என்று சொல்லி மாஜிஸ்திரேட் அபராதம் போட்டார். அவன் மனைவி பிரேமாவதி சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டான்.

சுகுமாரனும் ஒப்புக்கொள்ளத்தான் வந்திருந்தான். அவன் அக்கா லோகேஸ்வரி விடவில்லை. அப்பா அம்மா போன பிறகு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்து அவனை ஆளாக்கியவள். அவன்தான் அவளுக்கு எல்லாம். ராகுகாலத்தில் போய் வாயைத் திறக்காதே என்று பின்வரிசையிலிருந்து கண்ணாலேயே மிரட்டினாள். அவனும் வக்கீல் பார்க்க வேண்டும் என்று தவணை கேட்டான். அடுத்த தேதி எது தோதுப்படும் என்று குமாஸ்தா கேட்டதும் அவள் போனில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமையாகச் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை பழைய மாஜிஸ்திரேட் பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் வேறொருவர். காலையில் முதல் வழக்கே சுகுமாரனுடையது. அருமையான நேரம். ஒப்புக்கொண்டான். குலைத் திருட்டு மலிந்துவிட்டது, பார்க்கிறவர்களுக்கும் பாடமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அவர் பத்து மாதம் சிறை கொடுத்தார்.

இரண்டு நாளும் நான்தான் மொழிபெயர்த்தேன். வழக்கு விவரத்தில் ஒரு எழுத்து மாறவில்லை, லோரி நம்பர் உட்பட. முதலாமவர் சொன்னதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, இரண்டாமவர் சொன்னதற்கும் இருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான். யாராவது ஒருவர் தப்பு செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கோர்ட்டுக்கு எதிரே பக்கிரிசாமியின் தேநீர்க் கடை. காலையில் வருகிறவர்கள் தேநீர் கேட்பதற்கு முன்னால் இன்றைக்கு எந்த மாஜிஸ்திரேட் உட்காருகிறார் என்றுதான் கேட்பார்கள். அவன் பெயரைச் சொன்னதும் சிலருக்கு முகம் தெளியும். சிலருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து, கிளினிக்கில் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கித் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். அப்பேர்ப்பட்ட கடையில் சுகுமாரன் விஷயம் ஒரு வாரம் ஓடியது. பாதிப் பேர் நீதிபதியைத் திட்டினார்கள். மீதிப் பேர், அந்த அக்காக்காரி நேரம் பார்த்ததால் வந்த வினை என்றார்கள். இத்தனைக்கும் வழக்கம்போல் ராகுவைக் குறை சொல்லவும் வழியில்லை. ராகுகாலத்தில் நின்றவன் வீட்டில் இருந்தான், நல்ல நேரத்தில் நின்றவன் உள்ளே இருந்தான்.

லோகேஸ்வரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியைத் தானே கையைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டதாக நினைத்தாள். எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று மெர்கோங்கில் இருக்கிற கிருபாநந்தன் என்ற வக்கீலைப் பிடித்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அளந்து பேசுகிற மனுஷர். மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டார். ஒரே குற்றத்துக்கு இரண்டு விதத் தண்டனை என்பதுதான் அவர் வாதம். நடைபாதையில் அவளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். பக்கத்தில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"அக்கா, இவர் வழக்கை அவர் வழக்கோட ஒப்பிட்டால் மேல்கோர்ட் இரண்டையும்தான் பார்க்கும். அய்யாவுவுக்கும் சொல்லி வையுங்கோ."

சரி என்று தலையாட்டினாள். சொல்லவில்லை. மறந்துபோச்சு என்று பின்னால் சொன்னாள். மறக்கிற விஷயமா அது? சொன்னால் அய்யாவு ஒதுங்கிக்கொள்வானோ என்ற பயம்தான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அய்யாவு ஒதுங்குகிறவனும் இல்லை. கூட்டாளி உள்ளே கிடக்க, தான் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அவனும் ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று லோகேஸ்வரி கேட்டதும் வீட்டு வாசலிலேயே நின்று ஒரு வீடியோ பேசினான். போனைப் பிடித்தவள் பிரேமாவதி.

"நானும் சுகுவும் ஒரே லோரிலதான் போனோம். ஒரே குலையதான் ஏத்துனோம். எனக்கு ஃபைன், அவனுக்கு ஜெயில். இது என்ன நியாயம் லா?"

வீடியோ வடக்கே ஜித்ரா வரைக்கும் சுற்றியது. கீழே ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். நீதிபதிகள் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்க்கலாம் என்றார் ஒருவர். எல்லாருக்கும் ஒரே தண்டனை கொடு என்றார்கள் பலர். எந்தத் தண்டனையை என்று யாரும் எழுதவில்லை.

அரசுத் தரப்பும் வீடியோ பார்க்கும் அல்லவா? அய்யாவுவின் அபராதத்தையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லி மேல்கோர்ட்டுக்கு மனுப் போட்டது. அவன் வீட்டுக்கு நோட்டீஸ் போனது. சுகுமாரனுக்காகச் சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தான் அய்யாவு. கிருபாநந்தன் போன் செய்து, தனியாக ஒரு வக்கீல் வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். என் கேஸ் ஹபிஸ், முடிஞ்சுபோச்சு, வக்கீல் எதுக்கு என்று அவன் சிரித்தானாம்.

விசாரணை நாளன்று மேல்கோர்ட்டில் தமிழுக்கு ஆள் இல்லாததால் என்னை அனுப்பினார்கள். அய்யாவு தன் காரில் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, தீபாவளிச் சட்டையில் வந்திருந்தான். சுகுமாரனைச் சிறை வேனில் கொண்டுவந்தார்கள். கூண்டில் பக்கத்தில் நிறுத்தியதும் இருவரும் தோளை இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நீதிபதி நிதானமானவர். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரே செயல், ஒரே விதமான பின்னணி, தண்டனை மட்டும் இப்படி வேறுபட்டால் மக்கள் கோபப்படுவது நியாயம் என்றார். பத்து மாதம் அதிகம், அபராதம் குறைவு. இருவருக்கும் ஆறு மாதம் சிறை. சுகுமாரன் ஏற்கெனவே இருந்த நாளும் சிறையில் கொடுக்கும் தண்டனைக் கழிவும் சேர்ந்தால் அன்றைக்கே வெளியே வரலாம். அய்யாவுவுக்கு அன்றிலிருந்து தொடக்கம்.

அதை நான்தான் தமிழில் சொன்னேன். அய்யாவு என் முகத்தையே பார்த்தான். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே என்றான். சொன்னேன். பின்வரிசையில் லோகேஸ்வரி தம்பி வருகிறான் என்று சந்தோஷத்தில் வாய்விட்டு அழ ஆரம்பித்து, பக்கத்தில் இருந்த பிரேமாவதியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே அலுவலகத்தில் பிரேமாவதியைக் கூப்பிட்டார்கள். அபராதம் ரத்தாகிவிட்டதால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்களாம், அதற்கு ஒரு கையெழுத்து. விஷயத்தை நான் எடுத்துச் சொன்னதும் அவள் பேனாவைத் தொடவில்லை.

"பணம் வேணாண்ணே. அவங்களே வெச்சிக்கட்டும். அவர விடச் சொல்லுங்க."

குமாஸ்தாப் பெண், இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். குமாஸ்தாப் பெண் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள்.

சுகுமாரன் சிறையில் விடுதலைச் சடங்கெல்லாம் முடித்து, சாயங்காலம் கிரேப் டாக்சி பிடித்து கோர்ட்டுக்கே வந்தான். அய்யாவுவின் கார் அங்கேதான் நின்றது. இரண்டு பெண்களும் அதன் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். நான் வீட்டுக்குக் கிளம்பியவன், போக மனம் வராமல் வாசலிலேயே நின்றேன். அக்கா தம்பியைத் தொடவில்லை. அவனும் தலை நிமிரவில்லை.

பிரேமாவதி பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீதான் ஓட்டணும் சுகு," என்றாள். "எனக்கு ஓட்டத் தெரியாது."