நான்காவது மண்

குழாயில் முதல் தடவை கறுப்பாக வந்தபோது இசக்கிசெல்வி அதைப் பழைய ரத்தம் என்றுதான் நினைத்தாள். புருஷனின் தொண்டையில் போட்டிருந்த துளைக்குள் மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது அவளுக்கு இப்போது பல் தேய்ப்பது மாதிரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது செய்தாக வேண்டும். வெள்ளையாக வரும், சில நாள் மஞ்சளாக வரும். அன்றைக்கு, பங்குனி மாதத்து உச்சி வேளையில், நூல் மாதிரி ஒரு கறுப்பு ஏறி வந்து பாட்டிலுக்குள் விழுந்தது. விழுந்தது தண்ணீரோடு கலக்கவில்லை. அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

புருஷன் கடற்கரை எட்டு மாதத்துக்கு முன்னால் ஆடுகளுக்குக் குழை வெட்ட வாகை மரத்தில் ஏறினவன். கொப்பு முறிந்து தலைகுப்புற விழுந்ததில் கழுத்து போயிற்று. கழுத்துக்குக் கீழே இருந்த எதுவும் அதற்குப் பிறகு அவன் பேச்சைக் கேட்கவில்லை, மூச்சு உட்பட. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இடைசெவலுக்கு மேற்கே இருக்கும் சொந்த ஊருக்கு ஒரு மிஷினோடு வந்து சேர்ந்தான். மிஷின் ஊதினால் அவன் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். நிமிஷத்துக்குப் பதினாலு தடவை. முகம் மட்டும் பழைய கடற்கரையின் முகம். உதட்டை அசைப்பான், சத்தம் வராது. கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை.

பார்க்க வந்த ஊர்ப் பெண்கள் அவனைப் பார்க்கவில்லை, மிஷினைத்தான் பார்த்தார்கள். அந்த மனுசன் மரத்தடியிலேயே போய்விட்டான், இங்கே மூச்சு விடுவது வேறு எதுவோ என்று தெருக் குழாயடியில் பேசிக்கொண்டது செல்வியின் காதுக்கும் வந்தது. வாயில் மண்ணைப் போட்டாற்போல் இருந்தாலும் பதில் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. ஆனால் ஒருநாள் கோவில்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தன் மூச்சை எண்ணிப் பார்த்தாள். பதினாலு வந்தது. அதற்கப்புறம் அவள் எண்ணுவதில்லை.

கறுப்பு வந்த சேதியைக் கேட்டதும் நர்ஸ் ஆனந்தி கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இந்த வேலைகளையெல்லாம் செல்விக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பாட்டிலைச் சாய்த்து, அடியில் நின்றதைப் பஞ்சில் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்றது.

"அக்கா, இது ரத்தம் இல்ல. மண்ணு."

"மண்ணு எப்படிம்மா உள்ள போகும்?"

"வாய் வழியாத்தான் போகும். யாராவது கரைச்சு ஊத்துனாத்தான் போகும். வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட விடக்கூடாது, நேரா நெஞ்சுக்குள்ள எறங்கிரும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"இந்த வீட்ல நானும் அவியளுந்தான இருக்கோம். நானா ஊத்துதேன்?"

ஆனந்தி ஒரு பார்வை பார்த்தாள். செல்விக்கு அந்தப் பார்வை செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் கடற்கரைக்குக் காய்ச்சல் கண்டது. போனில் டாக்டர் மருந்தை மாற்றிச் சொல்லிவிட்டு, நெஞ்சில் இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி இறங்கினால் ஆள் தங்காது என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

செல்வி புருஷனிடமே கேட்டாள். "யாருங்க ஊத்துனா? ஒங்க முழிக்கு முன்னாலதான நடந்திருக்கும். மச்சு வீட்டுக்காரியளா? பக்கத்து வீட்டு அண்ணாச்சியா?"

அவன் கண்ணை மூடினான். ஒரு தடவை மூடினதா, இரண்டாவது மூடப் போகிறானா என்று அவள் காத்திருந்தாள். அவன் திறக்கவே இல்லை. தூங்குகிறவன் முகமா அது? இமைக்குள்ளே முழி ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டினவன் தன்னிடம் எதையோ ஒளிக்கிறான் என்று தெரிந்தபோது அவளுக்கு முதலில் வந்தது கோபம். பயம் அதற்குப் பிறகு வந்தது.

பத்து நாளில் காய்ச்சல் இறங்கிற்று. அவள் மூச்சு விட்டுக்கொள்வதற்குள் வாசம் ஆரம்பித்தது.

சித்திரை வெயில். ஊரைச் சுற்றிப் புஞ்சையெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடு கால் வைத்தால் மாட்டிக்கொள்ளும், அவ்வளவு அகலம் வெடிப்பு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்பேர்ப்பட்ட மத்தியானத்தில், மிஷின் மூச்சை வெளியே விடுகிற இடத்தில், முதல் மழை விழுந்த கரிசலின் வாசம் அடித்தது. செல்வி முதலில் அதை ஆசையாக இழுத்து முகர்ந்தாள். அப்புறம்தான் அது எங்கேயிருந்து வருகிறது என்பது புத்தியில் ஏறிற்று. கட்டிலில் கிடந்தவன் நெஞ்சு ஏறி இறங்கிற்று. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு வீச்சு மழை வாசம்.

குழாயை விட்டாள். கறுப்புதான் வந்தது, கூடவே வெள்ளை வெள்ளையாகப் பொடி. விரலில் எடுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரிச் சுக்கான் கல் பொடி. அவள் நிலத்தில் பாடுபடும் சம்சாரி வீட்டில் பிறந்து சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எந்த மண் எந்தப் புஞ்சையுடையது என்று ஆனந்திக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். முதலில் வந்தது சுத்தக் கரிசல், வடக்குப் புஞ்சை. இது சுக்கான் கலந்த மேட்டுக்காடு. இரண்டும் கடற்கரையின் சொந்த நிலம்.

மறு வாரம் மூன்றாவது வந்தது. அதில் ஆட்டுப் புழுக்கை வாடை. அது அவன் கிடை போட்டு, ஆடுகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்த இடம்.

யாரோ அவர்கள் நிலத்தை ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறார்கள். எதற்கு என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் அந்தப் பக்கத்தில் மண்ணாசை என்பார்கள். அவரவர் நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விட்டால் ஆசை அடங்கி உயிர் பிரியும். மாமனாருக்கு அப்படித்தான் விட்டார்கள், செல்வியே டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அரை மணி நேரத்தில் அடங்கிப் போனார். அப்போது அது அவளுக்குத் தப்பாகப் படவில்லை. ஆனால் இவன் சாகக் கிடக்கிறவன் இல்லையே, முழித்துக்கொண்டு கிடக்கிறவனாயிற்றே.

வாசல் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாள். சன்னலை அடைத்தாள். கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் வெளியே போவதே வாரத்தில் இரண்டு நாள்தான், செவ்வாயும் வெள்ளியும், கோவில்பட்டிக்குப் போய்க் குழாயும் மருந்தும் வாங்கி வர. அந்த நேரத்துக்கு மட்டும் கயத்தாற்றிலிருந்து கடற்கரையின் அக்கா முத்துத்தாய் வந்து காவல் இருப்பாள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளைச் சந்தேகப்படச் செல்விக்கு மனசு வரவில்லை என்பதில்லை, அப்படி ஒரு நினைப்பே எழவில்லை. ஊரில் ஒவ்வொருவரையும் மனசுக்குள் நிறுத்திக் கேட்டாள். ஒருவரும் பிடிபடாதபோது, நிலமே அவனைக் கேட்கிறதோ, வெடிப்பு வழியாக ஏறி வருகிறதோ என்றுகூட நினைத்தாள். நினைத்த பிறகு வெட்கப்பட்டாள். ஆனாலும் கட்டில் கால்களைச் சுற்றித் தரையில் கீறல் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. புழுதி மிஷினின் வடிகட்டியை அடைத்துவிடக் கூடாது என்று, புறப்படும் முன் முற்றம் முழுக்கத் தண்ணீர் தெளித்தாள். வெறுங்காலோடு நடந்து போய், வெளிவாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நிறுத்தம் வரைக்கும் போனபிறகுதான் மருந்துச் சீட்டை எடுக்கவில்லை என்று தெரிந்தது. திரும்பினாள்.

உச்சி வேளை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. முற்றத்து ஈரத்தில் அவள் கால் தடங்கள் வரிசையாகப் பதிந்து கிடந்தன. இடது, வலது, இடது. அடுத்த வலது இல்லை. அந்த இடத்தில் ஒரு குழி. ஓரமெல்லாம் நேராக, கரண்டியால் பக்குவமாக வெட்டி எடுத்த குழி.

காலடி மண்ணை எடுப்பது செய்வினைக்கு என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் செல்வி. யாரோ தனக்கு வைக்கிறார்கள் என்று நினைத்தாள். உள்ளே மிஷின் கூவ ஆரம்பித்தது. எதுவும் யோசிக்காமல் ஓடினாள்.

முத்துத்தாய் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் சின்னக் கரண்டி. கடற்கரை பல்லைக் கிட்டித்துக்கொண்டு கிடந்தான். கறுப்புத் தண்ணீர் கடைவாயிலிருந்து வழிந்து கழுத்துத் துண்டில் ஊறிக்கொண்டிருந்தது.

"மதினி."

முத்துத்தாய் திடுக்கிடவில்லை. "வந்துட்டியா. நல்லதுதான். தனியாச் செய்ய எனக்கும் தெம்பு இல்ல."

"நீங்களா மதினி? ஒங்க கையாலயா ஊத்துனீங்க?"

"அவன் கேட்டான்ட்டி. தை மாசத்துலயிருந்து கேக்கான். நீ தெரு தாண்டுன ஒடனே, மண்ணு தாக்கான்னு ஒதட்ட அசைப்பான். ரெண்டு மாசம் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அவன் கேக்கத விடல. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான்." முத்துத்தாயின் குரல் தரையோடு போயிற்று. "வடக்குப் புஞ்சை மண்ணு குடுத்தேன், போகல. மேட்டுக்காட்டு மண்ணு குடுத்தேன், போகல. கெடை மண்ணும் குடுத்துப் பாத்தேன். காய்ச்சல்தான் வருது, உசுரு நிக்கி. அப்பந்தான் புரிஞ்சுது. அவன் ஆசை நெலத்து மேல இல்ல."

டம்ளரை நீட்டினாள். "இது ஒன் காலடி மண்ணு."

செல்விக்கு அந்த டம்ளரை அவள் முகத்திலேயே வீசத் தோன்றிற்று. வீசவில்லை. மிஷினின் கூச்சலை அமர்த்தினாள். புருஷன் பக்கம் குனிந்தாள். ஒன்பது மாதமாக அவனிடம் எதைத்தான் கேட்கவில்லை? வலிக்கிறதா, வேர்க்கிறதா, மூக்கு அரிக்கிறதா, காத்தாடியைக் கூட்டவா, குறைக்கவா. ஒன்றை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"போணுமா ஒங்களுக்கு?"

அவன் கண்ணை மூடினான். திறந்தான். இரண்டாவது தடவைக்காக அவள் காத்திருந்தாள். மிஷின் ஊதிற்று, விட்டது, ஊதிற்று, விட்டது. அவன் மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் யாருக்காக முழித்தோம், யாருக்காக ஓடினோம் என்று இருந்தது. அக்காளிடம் கேட்கத் தெரிந்தவனுக்குத் தன்னிடம் கேட்கத் தெரியவில்லையே என்று இருந்தது. முத்துத்தாயின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். ஒரு கரண்டி அள்ளினாள். கை நடுங்கவில்லை என்பதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"போகணும்னா போங்க. நானே தாரேன். தொறங்க."

கரண்டியை உதட்டில் வைத்தாள். அவன் பல்லைக் கிட்டித்தான். கண்ணை இரண்டு தடவை மூடினான்.

"இப்பத்தான ஆமான்னீங்க. தொறங்க."

இரண்டு தடவை. மறுபடியும் இரண்டு தடவை. கண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிக் காதுக்குள் போயிற்று. தாடை இறுகி இறுகி, நரம்பு புடைத்துக்கொண்டது. உடம்பு முழுக்கக் கைவிட்டுப்போனவனுக்கு அந்தத் தாடையில் மட்டும் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ.

பின்னாலிருந்து முத்துத்தாய் சொன்னாள். "மத்த மூணு மண்ணுக்கும் கோழிக்குஞ்சு மாதிரி வாயத் தொறந்தான் செல்வி. இது ஒன் காலடி மண்ணுன்னு சொன்னேன். சொன்னதுலயிருந்து கிட்டித்த பல்லு. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன்."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டம்ளர் கைதவறி உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவனுக்குப் போகவும் வேண்டும், அவளை விட்டுப் போகவும் முடியவில்லை. இதற்கு எந்தப் புஞ்சையில் மண் எடுப்பது? அவள் வாய்விட்டு அழுதாள். முத்துத்தாயும் அழுதாள். கட்டிலில் கிடந்தவன் சத்தமில்லாமல் அழுதான். அவன் அழுதால் சளி கூடும் என்று உறைத்தபோதுதான் செல்வி எழுந்தாள்.

கையைக் கழுவினாள். கையுறையை மாட்டினாள். அவன் உதட்டையும் கழுத்தையும் துடைத்துவிட்டுக் குழாயை உள்ளே விட்டாள். வந்தது வெள்ளையாக வந்தது. முத்துத்தாய் பையை எடுத்துக்கொண்டு, எப்படிச் சொல்லிக்கொள்வது என்று தெரியாமல் நிலைப்படியில் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை வாங்க மதினி," என்றாள் செல்வி, திரும்பிப் பார்க்காமல். "வெறுங்கையோட வாங்க."

"அவன் மறுபடியும் கேட்டான்னா?"

"என்கிட்ட கேக்கச் சொல்லுங்க."