இருநூறு டிகிரியில் உருகிய கம்பி

சால்டரிங் அயர்ன் பட்டதுதான் தாமதம், கம்பி உருகி ஓடியது. நோயெமிக்குச் சுருக்கென்றது.

நேற்று விடுப்பில் இருந்தவள், இன்று காலைதான் எல்லையோர நகரமான டிஹுவானாவின் தொழிற்சாலையில் தன் மேசைக்கு வந்திருந்தாள். மின்சுற்றுப் பலகைகளில் பாகங்களைப் பற்றவைப்பது அவள் வேலை. வழக்கமான கம்பி இவ்வளவு அவசரப்படாது. பற்றிய இடமும் மங்கலாகத்தான் இருக்கும். இதுவோ கண்ணாடிபோல் மின்னியது. இந்த மினுமினுப்பை அவள் கடைசியாகப் பார்த்தது இருபது வருஷத்துக்கு முன்னால், டிவி செய்த ஒரு பழைய கம்பெனியில். அப்போது காரீயம் கலந்த, குறைந்த சூட்டிலேயே உருகும் கம்பி. காரீயம் நஞ்சு; இப்போது இங்கே அது வரவே கூடாது.

நேற்று வந்திருந்த புதுச் சுருளைத் திருப்பினாள். 'காரீயம் இல்லாதது' என்று பச்சை எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

பக்கத்து மேசையில் ஐந்து மாதக் கர்ப்பிணியான ப்ரிசெய்தா, மிளகாய்த்தூள் புரட்டிய புளி மிட்டாயைக் கழுவாத கையால் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

"கீழ போடுடி அதை!"

"ஏன்க்கா கத்துறீங்க? கேட்டா உங்களுக்கும் ஒரு துண்டு குடுப்பேனே."

"விளையாடாதே. ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. வாயையும் கொப்புளி."

நோயெமி இழுப்பறையைக் குடைந்து பழைய கம்பியின் மிச்சத்தை எடுத்தாள். சூட்டை இருநூறு டிகிரிக்கு இறக்கினாள். பழைய கம்பியை வைத்தாள். அசையவில்லை. புதியதை வைத்தாள். சொட்டென்று உருகி விழுந்தது. சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். சங்கு அலறியது, வரிசை முழுக்க நின்றது.

மேற்பார்வை எஞ்சினியர் உரியாஸ் ஓடிவந்தார். "யாரு நிறுத்தினது? பதினோரு மணிக்கு லாரி எல்லை தாண்டணும்னு தெரியாதா?"

"நான்தான் சார். இது காரீயக் கம்பி."

"சீட்டுல என்ன போட்டிருக்குன்னு படிக்கத் தெரியாதா?"

"சீட்டு பொய் சொல்லும் சார், சூடு சொல்லாது. நீங்களே பாருங்க." இரண்டு கம்பிகளையும் மறுபடி வைத்துக் காட்டினாள்.

உரியாஸ் உதட்டைக் கடித்தார். "வேற ஏதாவது கலவையா இருக்கும்மா. அதுக்காக வரிசையையே நிறுத்துவியா?"

"அப்படின்னா உங்க ரூம்ல இருக்கிற சோதனைத் துப்பாக்கியால சுட்டுப் பாருங்க. ரெண்டு நிமிஷம். நான் சொன்னது தப்புன்னா இப்பவே வேலையை விட்டுப் போயிடறேன்."

"அக்கா போனா நாங்களும் போவோம்!" ஈரக் கையோடு வந்து நின்ற ப்ரிசெய்தா கத்தினாள். வரிசையில் இருந்த நாற்பது பெண்களும் மேசையை விட்டு எழுந்தார்கள்.

உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் அந்தத் துப்பாக்கி வடிவக் கருவியை உரியாஸே எடுத்து வந்தார். கம்பியின்மேல் வைத்து அழுத்தினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் எண் விழுந்தது: காரீயம், முப்பத்தேழு சதவீதம்.

அவர் முகம் வெளுத்தது. "நேத்து செஞ்ச பலகை எல்லாம்..."

"லாரியில, சார்!"

இருவரும் ஓடினார்கள். அவர் படிக்கட்டில் தடுமாறி நிற்க, நோயெமி அவரைத் தாண்டிப் பறந்தாள். வெளியே லாரி உறுமிக்கொண்டு கேட்டை நெருங்கிவிட்டது. நீல மேலங்கியைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றியபடி குறுக்கே பாய்ந்தாள். பிரேக் கிறீச்சிட்டது.

"பைத்தியமா உனக்கு? சாகணும்னா வேற வண்டி பாரும்மா!" டிரைவர் தலையை நீட்டித் திட்டினார்.

"திட்டுங்க அண்ணே, நல்லா திட்டுங்க! வண்டியை மட்டும் எடுக்காதீங்க!" மூச்சிரைக்கச் சிரித்தாள். உரியாஸ் வந்து சேர்ந்து, பேச முடியாமல் கையால் 'திருப்பு' என்று காட்டினார். ஜன்னல்களில் முண்டியடித்த பெண்கள் விசிலடித்தார்கள்.

அன்று மாலைக்குள் புதுச் சுருள்கள் அத்தனையும் பூட்டி முத்திரை வைக்கப்பட்டன. மறுநாள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. ஒரு நாள் வேலைதானே, யாருக்கும் ரத்தத்தில் காரீய அளவு ஏறவில்லை. பிரசவம்வரை ப்ரிசெய்தாவைப் பலகை அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இனி வரும் ஒவ்வொரு பெட்டியையும் வாசலிலேயே சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவது என்றும் முடிவானது.

"அந்தத் துப்பாக்கியை யார் பிடிக்கிறது?" என்று சாப்பாட்டுக் கூடத்தில் கூடியிருந்தவர்களிடம் உரியாஸ் கேட்டார்.

நாற்பது விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. "எனக்கா? அதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதே!" என்று நோயெமி பதற, கூடமே அதிரும்படி சிரித்தது.