கஜாலினிக்குக் கோணல் எழுத்து

கைவினைப் பொருளுக்கு எழுத்துருவைத் தெரிவு செய்தல் சிறிய வேலை என்று எண்ணுவோர் பலர். நான் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒரு துணிப்பையிலே பெயர் எவ்வாறு நிற்கின்றதோ, அவ்வாறே அப்பெயருக்குரியவரும் காண்போர் மனத்தில் நிற்பார் என்பது என் துணிபு. இத்துணிபின் பொருட்டுச் சரவணையூர் நடராசா அண்ணையை எதிர்க்க நேர்ந்தது. எதிர்த்தமைக்காக நான் வருந்தவில்லை.

யாழ்ப்பாணத் தீவகத்துப் புளியங்கூடலிலே துணிப்பைகளும் பெயர்ப்பலகைகளும் செய்து விற்பவள் நான். நாற்பத்தெட்டாவது வயதிலே கணினி பயின்றேன். நடராசா அண்ணையின் மகள் நிலாந்தினி கனடாவிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். அவருடைய மகள் கஜாலினி பூப்பெய்தியதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டைச் சரவணையில் நடத்துவதென முடிவாயிற்று. விருந்தினருக்குப் பலகாரம் இட்டுக் கொடுக்கும் பைகளைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. அப்பைகள் வேலணை தொடக்கம் எழுவைதீவு வரை வீடு வீடாகச் செல்லும். என் கைவேலை இன்னதெனத் தீவகம் முழுவதும் அறிவதற்கு அதனிலும் சிறந்த வாய்ப்பு எனக்கு வாய்த்ததில்லை.

ஆகவே எழுத்துருவைத் தேடுவதில் மிகுந்த கவனம் செலுத்தினேன். கையால் எழுதியது போன்ற விளையாட்டெழுத்துகள் பலவற்றைத் தரவிறக்கி, ஒவ்வொன்றிலும் அப்பிள்ளையின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். சிலவற்றில் ‘ஜ’ இல்லை. அவ்விடத்தில் வெறுங்கட்டம் வந்து நின்றது. வேறு சில அழகாயிருந்தும் மெல்லியனவாயிருந்தன. பழைய எக்ஸ்ரே படத்தில் எழுத்தை வெட்டி, அதன் துவாரத்தினூடாகச் சாயம் ஒற்றுவதே என் முறை. மெல்லிய கோடு வெட்டும்போதே அறுந்துவிடும். ஈற்றில் ஒன்று அகப்பட்டது. கத்தரிக்கோலால் அவசரமாக நறுக்கியது போன்ற தடித்த எழுத்து அது. ககரம் இடுப்பை ஒடித்து நின்றது. ஜகரத்துக்கு வயிறு பருத்திருந்தது. ‘லி’ அடுத்த எழுத்தின் தோளிலே சாய்ந்திருந்தது. அதைக் கடதாசியில் அச்சிட்டுச் சரவணைக்குக் கொண்டு சென்றேன்.

நடராசா அண்ணை மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“உதென்ன பிள்ளை எழுத்து? கள்ளுக் குடிச்சவன் எழுதினமாதிரிக் கிடக்கு. ஒண்டு அங்கால சரியுது, ஒண்டு இங்கால சரியுது.”

“விளையாட்டெழுத்து அண்ணை. சின்னப் பிள்ளையின்ரை கொண்டாட்டம்தானே.”

“அம்மப்பா, அது டான்ஸ் ஆடுது! எனக்கு உதுதான் வேணும்” என்றாள் கஜாலினி.

“நீ ஐசுக்குள்ள இருந்து வந்தனீ, உனக்கென்ன தெரியும்?” என்று அவளை அடக்கிவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். அச்சகத்திலே தாமே செய்வித்த மாதிரி அது. “இஞ்சை பாரும். இதுதான் எழுத்து. ஒரு மரியாதை இருக்கு. முன்னுக்கு ‘நடராசா குடும்பத்தினர்’ எண்டு பெரிசாப் போடும். பிள்ளையின்ரை பேர் கீழ சின்னனாய் வந்தால் காணும்.”

தாளைக் கண்டதும் திடுக்கிட்டேன். தடித்து, வளைந்து, பின்னே நிழல் விழுந்த அவ்வெழுத்தைத் தீவகத்திலே அறியாதார் இலர். மின்கம்பந்தோறும் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளின் எழுத்து அது. ஊரில் எவர் இறப்பினும் பதாகையை எழுதுவித்துக் கட்டுவிப்பவர் நடராசா அண்ணையே. பல்லாண்டுப் பழக்கத்தினால் அவருடைய கண்ணுக்கு அது மரியாதையின் எழுத்தாகவே மாறிவிட்டது.

இதனை நான் எவ்வாறு எடுத்துரைப்பேன்? முற்றத்திலே பந்தற்கால் நட்டாயிற்று. நல்ல காரியம் நடைபெறவுள்ள வீட்டில் இழவைப் பற்றி வாய் திறத்தல் எங்கள் ஊரிலே பொறுக்கப்படாத குற்றம்.

“உந்த எழுத்து வேண்டாம் அண்ணை.”

“ஏன்?”

“சொல்ல ஏலாது.”

“காரணம் இல்லாமல் கதைக்கிறீர். உதிலதான் ஒரு பை செய்து காட்டும். ஏலாதெண்டால் சொல்லும், நான் யாழ்ப்பாணத்தில குடுப்பன்.”

வீடு திரும்பி, அவர் தந்த எழுத்தையே வெட்டினேன். பிள்ளையின் பெயரை அவ்வெழுத்தில் வெட்ட என் கை உடன்படவில்லை. முதல் வரியில் ‘நடராசா’ என்பதை மட்டும் கடும் நீலத்தில் ஒற்றினேன். அது காய்ந்த பின்னரே அடுத்த வரியை ஒற்ற இயலும். ஆதலால் பையை வேலியோரக் கொடியிலே, வீதியைப் பார்க்கும்படி தொங்கவிட்டேன். பின்வளவிலும் வெயில் எறித்தது. வீதியால் செல்வோர் காண்பர் என்பதையும் நான் அறிவேன். அறிந்தே தொங்கவிட்டேன்.

காலைப் பேருந்து சென்றது. பின்னர் சில மிதிவண்டிகள் வேகம் குறைத்துச் சென்றன. சற்று நேரத்தில், ஊர்காவற்றுறையிலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமினம்மா பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வேலிப் படலையில் நின்று குரல் எழுப்பினார்.

“எடி சறோ! எப்ப நடந்தது? முந்தநாளும் சங்கக்கடையில விலை கேட்டுச் சண்டை பிடிச்ச மனிசன் எல்லே!”

“ஆர் அக்கா?”

“ஆரெண்டு கேக்கிறாய்? நடராசா அண்ணை! உதில பேர் கிடக்கே. எப்ப பிரேதம் எடுக்கினம்?”

“அக்கா, அது பலகாரப் பை.”

“பலகாரப் பையோ? உந்த எழுத்திலயோ?” பிலோமினம்மா நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். பின்னர் சிரிப்பை அடக்க இயலாமல் மீன்பெட்டியின் மேலேயே அமர்ந்துவிட்டார்.

அதற்கிடையில் செய்தி சரவணையை எட்டிவிட்டது. துக்கம் விசாரிக்க வெள்ளை வேட்டி உடுத்திச் சென்றவர்களுக்குத் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் படலையைத் திறந்துவிட்டவர் நடராசா அண்ணையேயாம். அவர் என் வளவுக்குள் நுழைந்தபோது முகம் சிவந்திருந்தது.

“சறோஜினிதேவி! என்னை உயிரோட சாக்காட்டிப் போட்டீரே! பக்கத்து வளவு வல்லிபுரம் மாலையும் கையுமா வந்து நிண்டு, அதை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு என்னையே கேக்கிறான்!”

“நான் உங்கட பேரை மட்டும்தான் எழுதினனான், அதுவும் நீங்கள் தந்த எழுத்தில. மிச்சத்தைச் சனம் தானாய் விளங்கிக்கொண்டுது.”

“வாயால சொல்லியிருக்கலாம்தானே?”

“பந்தற்கால் நட்ட வீட்டில அதைச் சொல்லியிருந்தால் நீங்களே என்னைப் படலைக்கு வெளியால கலைச்சிருப்பியள்.”

அவர் கொடியில் ஆடிய தம் பெயரை நோக்கினார். பின்னர் அதைத் தாமே கழற்றி, நான்காக மடித்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டார்.

“சரி. என்ரை பேர் வேண்டாம். பேத்தியின்ரை பேரை மட்டும் உம்மடை எழுத்தில போடும். ஆனால் உந்தக் கோணலைக் கொஞ்சம் நிமிர்த்தும். சபைக்கு முன்னால குடும்பம் சரிஞ்சு நிக்கக் கூடாது.”

பாதியை எனக்கு அளித்து, மீதியைத் தம்முடன் கொண்டு செல்ல அவர் எண்ணினார். நிமிர்த்திய பின்னர் அவ்வெழுத்து ஆடாது. நூறு கடைப்பலகைகளில் உள்ள எழுத்துகளில் அதுவும் ஒன்றாகிவிடும். அத்தகையதொன்றை வீடு வீடாக அனுப்புவதிலும் ஒன்றையும் அனுப்பாதிருத்தல் மேலென எனக்குத் தோன்றிற்று.

“நிமிர்த்த ஏலாது அண்ணை.”

“அப்ப நான் வேற ஆளைப் பாக்கிறன்.”

“பாருங்கோ.”

அவர் போகவில்லை. நானும் அவர் போவதற்காகக் காத்திருக்கவில்லை. புதுப்பையொன்றை மேசையில் விரித்து, கஜாலினியின் பெயரைக் கோணல் எழுத்தில் முன்னரே வெட்டிவைத்த எக்ஸ்ரே படத்தை அதன்மேல் அழுத்தி, பஞ்சினால் சிவப்புச் சாயத்தை ஒற்றினேன். படத்தை உயர்த்தியபோது எழுத்துகள் ஈரத்துடன் மின்னின. நடராசா அண்ணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் வந்தார். தலையைச் சற்றே சரித்துத்தான் அவரும் அதை வாசித்தார்.

“அந்த ‘லி’ விழப்போகுது பிள்ளை.”

“விழாது” என்று கூறி, அடுத்த பையை விரித்தேன்.