காயாத அச்சு

சைஃப், ஹனீஃபா மாமுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவரை வாசல் சுவரில் மோதினான். அம்மாவின் கூடப்பிறந்தவர், அண்ணன் கலீமுல்லாவையும் அவனையும் வளர்த்துத் தொழில் கொடுத்தவர். மூக்கு உடைந்த ரத்தம் சைஃபின் கையெல்லாம் வழிந்தது. திருவல்லிக்கேணிச் சந்தே கூடிவிட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லு மாமு! எங்கண்ணன் இன்னா பண்ணான்?"

பின்னே என்ன? உள்ளே அண்ணனின் உடல் மையத்தாகக் கிடக்கிறது. இந்த மனுஷர் வாசலில் நின்று, "கலீமு டையைக் காயவைக்காம தொட்டில எறக்கிட்டான்" என்று வந்தவர்களிடமெல்லாம் வாய் கூசாமல் சொல்கிறார்.

கலீமுல்லாவா! கிண்டிப் பட்டறைத் தொட்டியில் வெங்காரம் தீக்குழம்பாக உருகி நிற்கும். டை என்கிற இரும்பு அச்சை அதில் ஊறவைத்து எடுத்தால் அரத்துக்கும் மசியாத தோல் ஏறிவிடும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால் போதும், மொத்தமும் வெடித்து ஆள்மேல் வந்துவிடும். கொக்கியைக்கூடச் சூடுகாட்டித்தான் இறக்குவான் கலீமுல்லா. தம்பி கை கழுவிவிட்டு வந்தால், "ஈரக் கையோட கிட்ட வராதடா!" என்று கத்துவான்.

நேற்று டையைக் குழாயடியில் கழுவியது மாமு. வேலை கொடுத்த பார்ட்டி காத்திருக்கிறான் என்று மேலாகத் துடைத்து, "காஞ்சிடுச்சு, எறக்கு" என்று கொக்கியில் மாட்டிக் கொடுத்ததும் மாமு. கிரைண்டர் முன்னால் நின்றபடி சைஃப் அதைப் பார்த்தான். டையின் போல்ட் ஓட்டைக்குள் தண்ணீர் நின்றதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

"கொன்னுட்டு அவன் மேலயே பழியைப் போடறியா?"

கழுத்தை நெரித்தான். நாலு பேர் இழுத்தும் விடவில்லை. அண்ணனைத் தின்ற தொட்டியில் இவரையும் தள்ளினால்தான் வயிறு ஆறும்போல இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணி ஜமீலுன்னிசாவின் குரல் வந்தது. "விடு சைஃப். மாமு வாயால சொல்லட்டும். என் வூட்டுக்காரரைப் பழியோட நான் அனுப்ப மாட்டேன்."

கை தளர்ந்தது. மாமு தரையில் சரிந்து இருமினார். "நான்தான் கழுவினேன்... காஞ்சிடுச்சுன்னு நான்தான் சொன்னேன்."

தெருவே கேட்டது. சைஃபுக்கு ஆறவில்லை, விலாவில் ஓர் உதை விட்டான்.

மையத்தைக் குளிப்பாட்ட வந்த ஷாஹுல் ஹமீது அவன் தோளைப் பிடித்தார். "தண்ணி ஊத்த முடியாதுப்பா, தோல் கையோட வந்துடும். சுத்தமான மண்ணைத் தொட்டு மூஞ்சியும் கையும் தடவி தயம்மும் பண்ணிடலாம். நீயும் வா."

சைஃப் குழாயடியில் ரத்தத்தைக் கழுவிவிட்டு உள்ளே ஓடினான். அறை வாசலில் கால் நின்றது. விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வாப்பா, நேரமாவுது."

"இருங்க பாய்."

கைலி நுனியால் உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண் வரைக்கும் அழுத்தி அழுத்தித் துடைத்தான். பிறகு இரண்டு கைகளையும் விரித்தபடி அங்கேயே நின்றான்.

"காயட்டும்" என்றான்.